குழாய் எட்டாத தட்டுகள்

நாற்பதாயிரம் தைலமரக் கன்றுகளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொளுத்துவது என்று முடிவாகிவிட்டது. அன்று புதன்கிழமை. முடிவெடுத்தவர் தோட்ட மேலாளர். கன்றுகளை வளர்த்தவர் என் அண்ணி. கொளுத்துவதற்கு ஆதாரமாக மேலாளரின் மேசைமேல் இருந்த அறிக்கையை எழுதியது நான்.

எங்கள் மூவரில் இருவர் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதுதான் சிக்கல்.

"பூசணம், அந்த டம்ளரை எடு" என்றுதான் அண்ணி வழக்கமாகப் பேசுவார். தோட்டத்து ஆய்வகத்தில் எனக்குப் பூஞ்சைகளோடுதான் வேலை என்பதால், கல்யாணமாகி வந்த மறுவாரமே அவர் எனக்கு வைத்த பெயர் அது. அன்று காலை "டம்ளர் வேணும்கிறவங்க எடுத்துக்கலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தன் டீயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

"அண்ணி, நான் எழுதினது இலையில என்ன இருக்குன்னு மட்டும்தான்."

"ஆமா, நீ எழுதினது மட்டும்தான். கொளுத்தப்போறது அவங்க. உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

நடந்தது இதுதான். ஆறு மாதத்துக்கு முன் மேற்குச் சரிவில் புதிதாகக் கன்று நட்டார்கள். எல்லாம் அண்ணியின் நாற்றங்காலில் வளர்ந்தவை. நல்ல தைலமரக் கன்று ஆறு மாதத்தில் ஆள் உயரத்தைத் தொடும். இவை முழங்காலைத் தாண்டவில்லை. இலைகள் ஊதா நிறமாகி, அவற்றின்மேல் சிகரெட்டால் சுட்டதுபோல் பழுப்புப் புள்ளிகள். மேலாளர் ஒரு பை நிறைய இலைகளை என் மேசைமேல் கொட்டி, "என்ன நோய்னு சொல்லுங்க" என்றார்.

நான் முறைப்படிதான் செய்தேன். புள்ளியின் ஓரத்தைச் சிறு துண்டாக வெட்டி, மேலே ஒட்டியிருக்கும் கண்டதெல்லாம் சாகட்டும் என்று குளோரின் நீரில் முக்கி, உருளைக்கிழங்குச் சாறு கலந்த ஜெல்லியின்மேல் வைத்தேன். இலைக்குள்ளே இருக்கும் பூஞ்சைக்கு ஜெல்லி விருந்து மாதிரி. வெளியே வந்து பரவும். அவசரப்படக் கூடாது. இலைப்புள்ளிப் பூஞ்சைகளில் சில, மூன்று வாரத்தில் ஒரு மிளகு அளவுதான் வளரும். நான் காத்திருந்தேன். வந்தது. கறுப்பும் பச்சையும் கலந்த, வெல்வெட் பொத்தான் போன்ற பூஞ்சை. எல்லாத் துண்டுகளிலும் அதேதான். எழுதிக் கொடுத்தேன்.

மேலாளர் அதிலிருந்து ஒரே தாவலில் முடிவுக்குப் போனார். கன்று நாற்றங்காலிலிருந்து வந்தது, எனவே நோயும் நாற்றங்காலிலிருந்து வந்தது. இப்போது மேசைகளில் இருக்கும் நாற்பதாயிரத்தையும் கொளுத்திவிட்டு நாற்றங்காலை மூடுவது, இனிமேல் வெளியிலிருந்து கன்று வாங்குவது. அந்த நாற்றங்காலை வெறும் முள்காடாக இருந்த இடத்தில் ஒவ்வொரு கம்பி மேசையாக நிறுத்தி உண்டாக்கியவர் அண்ணி. பதினோரு வருடம்.

நான் ஆய்வகத்துக்குப் போய் என் அறிக்கையை மறுபடி படித்தேன். பிழை எதுவும் இல்லை. ஆனால் நோயுற்ற இலைகளை மட்டுமே பார்த்திருந்தேன். நல்ல இலையை ஒன்றுகூடப் பார்க்கவில்லை! திருட்டு நடந்த வீட்டில் ஒரு சிவப்புச் சட்டைக்காரரைப் பார்த்தேன் என்று எழுதிவிட்டு, திருட்டு நடக்காத வீடுகளிலும் அவர் இருந்தாரா என்று கேட்காமல் விட்டதுபோல.

வெளியே ஓடினேன். டிராக்டர் ஓட்டுநர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பேசும்போது நாலு ஏக்கருக்குக் கேட்கும் என்பதால் அவரை எல்லோரும் ஹாரன் என்போம்.

"ஹாரன் அண்ணே, மேற்குச் சரிவுல நல்லா இருக்கிற கன்னு ஒண்ணாவது இருக்கா?"

"ஒண்ணா? மூணு வரிசை இருக்கு மேடம்! நடுவுல. என் உசரத்துக்கு நிக்குது. ஒருத்தரும் கேக்கலியே, அதான் நானும் சொல்லல."

"நீங்க சொல்லாம விட்ட ஒரே விஷயம் இதுதான் போல."

"பின்ன? எல்லாத்தையும் சொல்லிட்டா மரியாதை இருக்காதுல்ல?"

டிராக்டரின் சக்கர மூடியில் தொற்றிக்கொண்டு போனேன். சரிவு முழுக்கக் குட்டைக் கன்றுகள், ஊதா நிறத்தில், வரிசை வரிசையாக. நடுவே, யாரோ பச்சைச் சுவர் எழுப்பியதுபோல் மூன்று வரிசைகள். ஓடைப் பக்கமாக இருந்தால் தண்ணீர் காரணம் என்பேன். பாதை ஓரமாக இருந்தால் உரம் சிந்தியிருக்கும் என்பேன். இது நட்ட நடுவில். மேலே உள்ள மண்ணும் கீழே உள்ள மண்ணும் ஒன்றுதான்.

நல்ல கன்று ஒன்றின் அடி இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். பழுப்புப் புள்ளி! பக்கத்துக் கன்றிலும் இருந்தது. பூச்சி, பூஞ்சை பார்க்கும் கைக்கண்ணாடியால் பெரிதாக்கிப் பார்த்தால், புள்ளிக்குள் ஆய்வகத்து இலைகளில் பார்த்த அதே மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகள். அந்தப் பூஞ்சை இங்கேயும் இருக்கிறது. ஆனால் இந்தக் கன்றுகள் நோயுற்ற இலையை உதிர்த்துவிட்டு மேலே நாலு புது இலை விட்டிருக்கின்றன. குட்டைக் கன்றுகளால் புது இலை விட முடியவில்லை. இருக்கிற இலைகளை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாகச் செத்துக்கொண்டிருக்கின்றன.

"அண்ணே, இது நோய் இல்ல. பசி!"

"யாருக்கு? எனக்கா? ஆமா மேடம், மணி ரெண்டாச்சு."

"கன்னுக்கு! வேரைப் பார்க்கணும். மண்வெட்டி இருக்கா?"

அவர் மண்வெட்டியோடு வந்தவர், போகிற போக்கில் தரையில் கிடந்த ஒன்றைக் காலால் எத்தினார். அது பொட்டென்று உடைந்து பழுப்புப் புகை கிளம்பியது. "ச்சே, காஞ்ச சாணி" என்றார். நான் மண்ணில் மண்டியிட்டு அந்தப் புகையைக் கைகளால் மூடப் பார்த்தேன்.

"உதைக்காதீங்க! அது சாணி இல்ல, காளான்!"

"மேடம், சாணிய எனக்குத் தெரியாதா?"

உண்மையில் அது சாணியைப் போலத்தான் இருந்தது. முஷ்டி அளவு, மேலே வெடித்து, உள்ளே இலவங்கப்பட்டைப் பொடி போலத் தூள். அந்தத் தூள் முழுக்க வித்துகள். உயரமான மூன்று வரிசைகளின் அடியில் எண்ணிப் பார்த்தேன், பதினேழு இருந்தன. குட்டை வரிசைகளில் ஒன்றுகூட இல்லை.

வேரை வெட்டாமல் மெதுவாகத் தோண்டி, தண்ணீர்ப் புட்டியால் கழுவினோம். குட்டைக் கன்றின் வேர் வெறும் பழுப்பு நூல். உயரமான கன்றின் வேர்நுனிகளோ குட்டையாக, தடித்து, ஒவ்வொன்றும் கடுகு மஞ்சளில் தோய்த்து எடுத்தது போல.

ஹாரன் என் கைக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார். "என்ன மேடம் இது, வேருக்கு சாக்ஸ் மாட்டி விட்டிருக்கு?"

அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. அந்த உறைதான் பூஞ்சை. வேரைச் சுற்றி உறை போட்டுக்கொண்டு, அங்கிருந்து மயிரிழையைவிட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் நீட்டும். வேர் நுழைய முடியாத இடுக்கெல்லாம் அது நுழையும். அங்கே ஒட்டிக் கிடக்கும் பாஸ்பரஸையும் ஈரத்தையும் இழுத்து வந்து மரத்துக்குக் கொடுக்கும். பதிலுக்கு மரம் இலையில் செய்த சர்க்கரையைக் கீழே அனுப்பும். பாஸ்பரஸ் கிடைக்காத கன்றின் இலை ஊதாவாகும். அந்த ஊதாவைத்தான் எல்லோரும் நோய் என்று நினைத்தோம். இலையில் இருந்த பூஞ்சையைக் குற்றவாளி என்று பிடித்தோம். உண்மையில் நடந்தது, வேரில் இருக்க வேண்டிய பூஞ்சை காணாமல் போனது!

"இந்த மூணு வரிசைக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" என்றேன்.

ஹாரன் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். அதாவது ஓர் ஏக்கருக்கு மட்டும் கேட்டது. "இது கடைசி லோடு மேடம். இதெல்லாம் மேசையில இருந்து ஏத்தல. பின்னாடி பெரிய மரத்துக்கடியில, தரையில இருந்த தட்டு. உங்க அண்ணி யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. நானும் இந்த ஆறு மாசமா..." அவர் பெருமூச்சு விட்டார். "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. நாற்றங்கால் வாசலில் அண்ணியே சிவப்பு வண்ணத்தில் எழுதி மாட்டிய பலகை இருக்கிறது. அதில் முதல் விதி: தட்டு தரையைத் தொடக் கூடாது. தரையில் வைத்தால் தட்டின் அடித்துளை வழியாக வேர் மண்ணில் இறங்கிவிடும், மண்ணிலிருக்கும் கிருமியும் ஏறிவிடும். அதற்காகத்தான் கம்பி மேசை. இதில் அண்ணி எவ்வளவு கறார் என்றால், ஒரு தட்டைத் தரையில் வைத்த ஆளைத் தட்டும் கையுமாக அரை மணி நேரம் நிற்க வைத்தவர். அவரே தரையில் வைத்திருக்கிறார்!

நேரே நாற்றங்காலுக்குப் போனேன். அண்ணி எதுவும் நடக்காததுபோல் ஆறாவது மேசையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நாளை மறுநாள் எரியப்போகிற கன்றுகளுக்குக் களை!

"அண்ணி, பெரிய மரத்துக்கடியில தட்டு வச்சீங்களா?"

"என் நர்சரியில தட்டு தரையில இருக்காது."

"மூணு வரிசை உயரமா நிக்குது அண்ணி. அது உங்க தரைத் தட்டுலேர்ந்து போனது."

கை நின்றது. "ஹாரனா?"

"அவரும் பாவம் ஆறு மாசம் தாக்குப்பிடிச்சாரு."

அண்ணி நிமிர்ந்தார். கோபம் எங்கோ போய், களைப்பு மட்டும் இருந்தது. "விதை அதிகமா முளைச்சிருச்சு. மேசையில இடமில்ல. முளைச்சு ரெண்டு இலை விட்டதை எப்படிடீ தூக்கிப் போடுறது? கொண்டுபோய்ப் பின்னாடி வச்சேன். இப்ப இதை வெளிய சொன்னா அந்த மனுஷன் என்ன சொல்வாரு? 'பாத்தியா, தரையில வச்சிருக்கா, நோய் அங்கேர்ந்துதான் வந்துச்சு'ம்பாரு. இன்னிக்கே கொளுத்திடுவாரு."

அவர் சொன்னது சரி. காப்பாற்றக்கூடிய ஒரே உண்மை, பார்ப்பவர் கண்ணுக்குக் குற்ற ஒப்புதலாகத் தெரியும்.

"அது இருக்கட்டும்" என்றேன். "ஒண்ணு மட்டும் புரியல. இந்தப் பூஞ்சையோட வித்து காத்துல பறக்கும். பெரிய மரமெல்லாம் பக்கத்துலதான் இருக்கு. மேசைத் தட்டுலயும் கொஞ்சமாவது விழுந்திருக்கணுமே. ஏன் ஒரு வேர்ல கூட இல்ல? யாரு கொன்னது?"

அண்ணி என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மருந்து அறையின் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளின்முன் நிறுத்தினார்.

'பூஞ்சைக்கொல்லி. வாரம் ஒருமுறை. தட்டு நன்றாக நனையும் வரை.' கீழே கையெழுத்து. என் கையெழுத்து.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தொடர்மழையில் கன்றுகளின் இலை கருகியபோது நான் அவசரமாக எழுதிக் கொடுத்தது. இலை நனைந்தால் போதும். நான் தட்டு என்று எழுதியிருந்தேன். மழை நிற்கும்வரை போதும். நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே இல்லை. நூறு வாரங்களுக்கு மேல், ஒரு வாரம்கூடத் தவறாமல், அண்ணியின் ஆட்கள் அந்த மருந்தை வேருக்கு ஊற்றியிருக்கிறார்கள். கெட்ட பூஞ்சை எது, நல்ல பூஞ்சை எது என்று மருந்துக்குத் தெரியாது.

"அப்ப தரையில இருந்த தட்டுக்கு மட்டும்..."

"மருந்துக் குழாய் அதுவரைக்கும் எட்டாது. மூணு அடி பத்தாது. அதுக்கெல்லாம் பூவாளியில வெறும் தண்ணிதான் ஊத்தினேன்."

முதலில் சிரித்தது அண்ணிதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "அடிப்பாவி பூசணம்! நான் காலையிலேர்ந்து உன்கூட முகம் குடுத்துப் பேசாம இருந்தேனே, அது சரியான காரணத்துக்குத்தான், ஆனா எனக்கே தெரியல!"

"அண்ணி, பின்னாடி இப்ப தட்டு இருக்கா?"

"ரெண்டு" என்றார், களவு பிடிபட்ட முகத்தோடு.

பெரிய மரத்தடியில், பழைய சாக்கால் மறைத்து, இரண்டு தட்டுகள். ஒரு கன்றை உருவிக் கழுவினோம். கடுகு மஞ்சள்! அண்ணி என் முதுகில் அடித்த அடியில் கைக்கண்ணாடி கீழே விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார். குழி வெட்டியாகிவிட்டது. ஹாரன் டீசல் கேனைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். நான் முந்தின நாள் முழுக்கச் சேர்த்த ஆதாரங்களைப் பேசத் தயாராக மூச்சை இழுத்தேன். அதற்குள் அண்ணி முன்னே போனார்.

"சார், நான் தட்டைத் தரையில வச்சேன். போன தடவையும், இந்தத் தடவையும்."

மேலாளரின் முகம் மலர்ந்தே விட்டது. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே! தரை மண்ணுலேர்ந்துதான் நோய்..."

"சார், கதவுக்குப் பின்னாடி ஒரு தாள் இருக்கு" என்றேன். "அது நான் எழுதினது. தப்பு அங்கேர்ந்து ஆரம்பிக்குது."

"என்னம்மா, குடும்பமா சேர்ந்து ஒப்புதல் வாக்குமூலம் குடுக்கறீங்க? மணி பத்தாகுது."

"பத்து நிமிஷம் மட்டும் குடுங்க சார். நீங்களே பாருங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

"அது நடந்தா அதிசயம்" என்றார் அண்ணி.

மேற்குச் சரிவிலிருந்து கொண்டுவந்த இருபது வேர்க்கொத்துகளைக் கழுவி, ஒரு வெள்ளைத் தட்டில் கலந்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய மடித்த சீட்டு. கைக்கண்ணாடியைக் கொடுத்து, "உறை போட்டது ஒரு பக்கம், போடாதது ஒரு பக்கம், பிரிச்சு வைங்க சார்" என்றேன்.

அவர் சலிப்போடு குனிந்தார். முதல் வேரைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதில் கைக்கண்ணாடியைக் கண்ணுக்கு நெருக்கினார். ஐந்தாவதில் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். எட்டாவதை வலப்பக்கம் வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்து, இடப்பக்கம் மாற்றினார். இருபதும் முடிந்தது. ஒன்பது ஒரு பக்கம், பதினொன்று ஒரு பக்கம்.

"இப்ப சீட்டைப் பிரிங்க சார். அதுல அந்தக் கன்னோட உயரம் இருக்கு."

அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து உரக்கப் படித்தார். உறை போட்ட ஒன்பது: நூற்று அறுபத்தைந்து, நூற்று எழுபது, நூற்று ஐம்பத்தெட்டு... சென்டிமீட்டரில். உறை இல்லாத பதினொன்று: முப்பத்தெட்டு, நாற்பது, முப்பத்து மூன்று... குரல் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு படி ஏறியது. கடைசிச் சீட்டை ஹாரன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நாப்பத்தொண்ணு!" என்று கத்தினார். பக்கத்து மரத்திலிருந்த பறவைகளெல்லாம் கிளம்பின.

"ஒண்ணுகூட மாறி விழல" என்றார் மேலாளர் மெதுவாக.

"இலைப்புள்ளி ரெண்டு பக்கத்துலயும் இருக்கு சார். தெம்பு இருக்கிற கன்னு அதைத் தாண்டிப் போகுது. மேசையில இருக்கிற நாப்பதாயிரத்துக்கும் நோய் இல்ல, வேர்ல துணைதான் இல்ல. நான் எழுதின மருந்து அதைக் கொன்னுடுச்சு. துணையைக் குடுத்துடலாம். எட்டு வாரம் போதும்."

அவர் குழியைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். "எட்டு வாரம்தான். அப்புறம் இதே மாதிரி வேரை நானே பார்ப்பேன். உறை இல்லேன்னா குழி இங்கேயேதான் இருக்கும்." சற்று நின்று, "எதால குடுப்பீங்க?"

ஹாரன் டீசல் கேனைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "சாணியால சார்."

அன்றே பதினேழு காளான்களில் உதைபடாத பதினாறைக் கொண்டுவந்து பொடித்து, ஒரு பெரிய வாளித் தண்ணீரில் கொட்டினோம். தூள் கரையவே இல்லை. கோபித்துக்கொண்டதுபோல் மேலேயே மிதந்தது. வித்துகளின் தோல் தண்ணீரை ஒட்டவிடாது. நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணி வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரைக் கொண்டுவந்து நாலு சொட்டு விட்டார். ஒரு கலக்கு. அவ்வளவுதான், தூள் மொத்தமும் உள்ளே இறங்கி, தண்ணீர் டீ நிறமானது. பூஞ்சைக்கொல்லி ஊற்றுவதை அன்றோடு நிறுத்திவிட்டு, அதை மேலும் தண்ணீரில் கலந்து பூவாளிகளில் நிரப்பினோம். கடைசி மேசைக்கு மட்டும் ஊற்ற வேண்டாம் என்றேன்.

"அதுங்க என்னடீ பாவம் பண்ணிச்சு?"

"ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மேசை வேணும் அண்ணி. போன தடவை அதைத்தான் மறந்தேன்."

அவர் முறைத்தார். ஆனால் ஊற்றவில்லை. அந்த மேசைக்குத் தனியாக ஒரு பூவாளி வெறும் தண்ணீர் வைத்தார்.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை நான் ஆய்வகத்தில் ஜெல்லி காய்ச்சிக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது. அண்ணி. கை முழுக்க ஈர மண், கையில் ஒரு கன்று, பின்னால் மூச்சிரைக்க மேலாளர்.

"எட்டு வாரம்னு சொல்லியிருந்தேன்" என்றார் அவர். "இவங்க ஏழுலயே என்னை இழுத்துட்டு வராங்க."

"பாரு பூசணம், பாரு! மூணாவது மேசை. நாலாவது மேசை. எல்லாம் பார்த்துட்டேன். கடைசி மேசையில மட்டும் இல்ல!"

நுண்ணோக்கியின் அடியில் வைத்தேன். இளம் வேர்நுனிகளைச் சுற்றி மஞ்சள் உறை, அதிலிருந்து மண்ணைத் தேடி நீண்ட இழைகள், பனிக்காற்றில் முடி பறப்பதுபோல. நான் எழுந்து இடம் கொடுத்தேன். மேலாளர் பார்த்தார், பிறகு அண்ணி பார்த்தார், பிறகு மேலாளர் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்.

மாலையில் ஹாரன் குழியை மூடினார். மருந்து அறைக் கதவிலிருந்து என் தாளை நானே கிழித்தேன். வாசலில் அண்ணி ஏணிமேல் நின்று, சிவப்பு வண்ண டப்பாவும் தூரிகையுமாகப் பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். முதல் விதியை அழிக்கவில்லை. அதன் கீழே, சின்ன எழுத்தில், ஒரு வரி சேர்த்திருந்தார்:

'பெரிய மரத்தடி இரண்டு தட்டுகள் நீங்கலாக. குழாயை நீட்டாதே.'